கருவி செய்யும் பொறியாளருக்கு ஏற்ற இடம் எது: உள்அணியா, திறமூலமா, விற்பனைத் தயாரிப்பா?

மற்ற நிரலாளர்கள் பயன்படுத்தும் கருவிகளைச் செய்வதிலேயே மனம் தோய்ந்துவிட்ட மென்பொருள் பொறியாளருக்கு மூன்று வழிகள் உண்டு. பெரிய நிறுவனமொன்றின் உள்கருவி அணியில் சேரலாம், மூலநிரலை எவரும் பார்த்துப் பயன்படுத்தி மாற்றக்கூடிய திறமூலத் திட்டமொன்றைப் பராமரிக்கலாம், அல்லது கருவியையே விலைக்கு விற்கும் நிறுவனத்தில் பணியாற்றலாம். பலரும் சம்பளத்தை வைத்தே இவற்றை எடைபோடுகிறார்கள். கருவியைப் பயன்படுத்துபவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதை நேரில் பார்க்க முடிகிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

உள்அணிக்கு இணை இதில் வேறெதுவும் இல்லை. அப்படியோர் அணியில் இருந்தபோது, சக பொறியாளர் ஒருவர் பில்ட் (எழுதிய நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் வேலை) ஓட்டுவதை ஒரு பிற்பகல் முழுவதும் அருகில் அமர்ந்து கவனித்தேன். பில்டின் நேரத்தைக் குறைப்பதே எங்கள் தலையாய பணி என்று நாங்கள் நம்பியிருந்தோம். அவருக்கோ நேரம் ஒரு பொருட்டாகவே இல்லை. ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று மட்டும் சொன்ன பிழைச்செய்தியைப் பார்த்துவிட்டு, எந்தக் கோப்பு, அது எங்கே தேடப்பட்டது என்பதை அறிய 40 நிமிடம் லாக் என்னும் இயக்கப் பதிவுக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியில் முழுப் பாதையையும் சேர்க்க எனக்கு 6 வரி நிரல் போதுமானதாக இருந்தது. அளவீடுகளைக் காட்டும் எங்கள் டாஷ்போர்டு எதிலும் தென்படாத அந்தக் குறை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததால் மட்டுமே கண்ணில் பட்டது.

ஆனால் அங்கே செய்வது பெரும்பாலும் அந்த நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது. கூகுள் பில்டுக்கான தன் உள்கருவியான பிளேஸை 2015இல் பேசெல் என்ற பெயரில் வெளியிட்டதுபோல எல்லா நிறுவனங்களும் செய்வதில்லை. மேலும், நேரடி வருமானம் காட்டாத அணி என்பதால், செலவைக் குறைக்கும் காலங்களில் அதன் இருப்பே கேள்விக்குள்ளாகலாம்.

திறமூலத்தின் வீச்சு இதற்கு நேர்மாறானது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழுவினருக்கு, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து நிர்வகிக்கும் பிட்கீப்பர் என்ற கருவியின் இலவசப் பயன்பாடு 2005இல் நிறுத்தப்பட்டபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் தேவைக்காகத் தொடங்கிய அதே வகைக் கருவியான கிட், இன்று உலகெங்கும் நிரலாளர்களின் அன்றாடக் கருவியாகிவிட்டது. சில மாதங்களிலேயே அதன் பொறுப்பு ஜூனியோ ஹமானோ என்ற பொறியாளரிடம் சென்றது; இத்தனை ஆண்டுகள் பொறுமையாக அதைப் பராமரித்துவரும் அவருடைய உழைப்பை, தொடங்கியவரின் புகழுக்குச் சற்றும் குறையாததாகவே நான் மதிக்கிறேன்.

அந்தப் பொறுமைக்கு ஆகும் விலையையும் சொல்ல வேண்டும். கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூலக் கருவியை நெடுங்காலம் ஏறக்குறையத் தனியாளாகச் சுமந்தவரிடம், உதவ வந்தவர்போல நம்பிக்கை பெற்ற ஒருவர் அதில் பின்கதவு (கணினிக்குள் இரகசியமாகப் புக வழிவிடும் நிரல்) நுழைத்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. தொலைவிலுள்ள கணினியுடன் இணைக்கும் எஸ்எஸ்எச் உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைப் பொருட்படுத்தி ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால்தான் அது வெளிப்பட்டது. இலட்சக்கணக்கான கணினிகள் நம்பியிருக்கும் வேலையை ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில், துணையின்றிச் செய்வதை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளுமாறு யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விற்பனைத் தயாரிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நிரலைத் தானே நிறைவுசெய்து தரும் கைட் என்ற கருவியை 5 இலட்சம் பேர் பயன்படுத்தியும், அவர்கள் பணம் கொடுக்க முன்வராததால் நிறுவனம் மூடப்பட்டது. பயன்படுத்துபவர் ஒருவர், காசோலையில் கையெழுத்திடுபவர் வேறொருவர் என்ற இடைவெளி இத்துறையில் பெரியது. விற்பனையில் ஈடுபாடில்லாதவர் அதில் தளர்ந்துபோவார்.

ஆகவே முதல் 4, 5 ஆண்டுகளுக்கு உள்அணியையே நான் தேர்ந்தெடுப்பேன். மற்றவர் தடுமாறுவதைப் பார்க்கக் கண் பழகிய பிறகு, ஊதியத்துக்கு வழி இருந்தால் திறமூலத்துக்குச் செல்வேன். இந்த வரிசையைப் பின்பற்ற நினைப்பவர், பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, சொந்த நேரத்தில் எழுதும் நிரலுக்கு யார் உரிமையாளர் என்று கூறும் பிரிவைத் தேடிப் படித்துவிட வேண்டும். அது நிறுவனத்துக்கே சொந்தம் என்றிருந்தால், விலக்கு அளிப்பார்களா என்பதை அப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.