கம்ப்யூட்டர் மாற்றப் போகிறவர்கள் படியுங்கள்: எனக்கு 33,000 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், எனக்கே தெரியும்.

வீட்டில் இருந்தது 2015இல் வாங்கிய டெஸ்க்டாப். அதில்தான் நான் தெருக்காரர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, டைப்பிங் வேலை எல்லாம். கொஞ்ச காலமாக ஆன் செய்தால் சாதம் வடித்து இறக்குகிற வரைக்கும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போதாததற்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 முடிகிறது, உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது என்று திரையிலேயே அறிவிப்பு வந்தது. பயந்துபோய் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தவர் என் கண் முன்னாலேயே கழற்றினார். புளோயர் வைத்துத் தூசி ஊதினார். டார்ச் அடித்து, போர்டில் சின்ன உருளை மாதிரி இருந்த ஒன்றைக் காட்டி, "பாருங்கக்கா, கெப்பாசிட்டர் உப்பிடுச்சு. போர்டு எப்ப வேணா போகும். சரி பண்ணித் தரேன்னு நாலாயிரம் வாங்கலாம், ஆனா மனசு வரலக்கா" என்றார். பார்த்ததற்குக் கூலியும் வாங்கவில்லை. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். காசு வேண்டாம் என்கிறவர் பொய் சொல்வாரா என்று நினைத்தேன்.

புது ஐ5 சிஸ்டம் (ஐ5 என்பது கம்ப்யூட்டரின் மூளையான இன்டெல் பிராசசரின் பெயர்), எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு), விண்டோஸ் 11 எல்லாம் போட்டு 34,500. பழையதை எடுத்துக்கொண்டு 1,500 கழிப்பதாகச் சொன்னார். சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 33,000 எண்ணிக் கொடுத்தேன். எஸ்டிமேட் என்று அச்சடித்த தாளில் "ஐ5 சிஸ்டம் - 1" என்று எழுதிக் கொடுத்தார். அதுதான் பில்லாம்.

முதல் வாரம் நன்றாக வேகமாக இருந்தது. அப்புறம் வேலைக்கு நடுவில் தானாக அணைய ஆரம்பித்தது. சனிக்கிழமை வந்த அக்கா மகன் டாஸ்க் மேனேஜரை (கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது, என்ன ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸ் திரை) திறந்து பார்த்துவிட்டு, "சித்தி, இதையா புதுசுன்னு வாங்கினீங்க?" என்றான். உள்ளே இருந்தது ஐ5-3470. இன்டெல் அதை வெளியிட்டது 2012இல். என் பழைய கம்ப்யூட்டரின் பில்லைத் தேடி எடுத்தோம். அதில் ஐ5-4460 என்று இருக்கிறது, 2014இல் வந்தது. என்னுடையதைக் கொடுத்துவிட்டு, அதைவிட ஒரு தலைமுறை பழையதற்கு மேலே 33,000 கட்டியிருக்கிறேன்!

விண்டோஸ் 11 இந்த இரண்டிலுமே முறையாக ஏறாது. இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் ஏற்றும்போது இதைப் பார்க்கும் சோதனையைத் தாண்டவைத்து ஏற்றியிருக்கிறார்கள், அப்டேட் வரும் என்று உறுதி கிடையாது. வேகம் வந்ததே எஸ்எஸ்டியால்தானாம். அதை என் பழைய பெட்டியில் மாட்டியிருந்தால் சில ஆயிரத்தோடு முடிந்திருக்கும். விண்டோஸ் 10க்கும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ள வழி இருந்திருக்கிறது. யோசிக்க ஒரு வருஷம் கிடைத்திருக்கும். கெப்பாசிட்டர் உண்மையிலேயே உப்பியிருந்ததா என்று இனிமேல் பார்க்கவும் முடியாது.

திங்கட்கிழமை போன் செய்தேன். ஓனர் வெளியூர். செவ்வாய் நேரில் போனேன். "ஐ5தானே கேட்டீங்க மேடம், ஐ5தானே கொடுத்தோம்?" வாங்கும்வரை அக்கா, இப்போது மேடம். அணைந்துபோவதைச் சொன்னால், "உங்க வீட்டு கரண்ட் பிரச்சனையா இருக்கும், யுபிஎஸ் வாங்குங்க" என்கிறார். இன்னொன்றை என்னிடமே விற்கப் பார்க்கிறார். அனுப்பிய வாட்ஸப் எல்லாம் நீலக் குறியோடு நிற்கின்றன.

பணத்தைவிட வயிறு எரிவது ஹார்ட் டிஸ்குக்கு. மகளின் காதுகுத்துப் படங்கள், அப்பா இருந்த கடைசிப் பொங்கல், எல்லாம் அதில்தான். "காப்பி பண்ணித் தரோம்" என்று சொல்லித்தான் வாங்கி வைத்தார்கள். நேற்றுக் கேட்டால், "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு மேடம்."

எப்படிப் பார்த்து மாற்றுவது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஸ்லோ என்றால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா பாருங்கள், நின்றால் முதலில் எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். ஐ5, ஐ7 என்ற பெயரை நம்பாதீர்கள், பின்னால் வரும் முழு எண்ணையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 33,000 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது அந்த எஸ்டிமேட் தாள் ஒன்றுதான். நாளைக் காலை மறுபடி கடைக்குப் போகிறேன், அக்கா மகனும் வருகிறான்.