கொடைக்கானல் ஏரியும் சுற்றுப்புறமும்: எதை எந்த நேரத்தில் பார்த்தால் காசு வீணாகாது

கொடைக்கானலில் ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களில் பாதிப் பேர் சரியான இடத்துக்குத்தான் போயிருப்பார்கள். போன நேரம்தான் தவறு. தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு, கோக்கர்ஸ் வாக் ஆகிய காட்சி முனைகள் மலையின் தெற்கு விளிம்பை ஒட்டி இருக்கின்றன. வெயில் ஏற ஏறக் கீழே சமவெளி சூடாகும். அங்கிருந்து ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலே வந்து, விளிம்பைத் தொடும்போது குளிர்ந்து மஞ்சாக மூடிக்கொள்ளும். பல நாட்களில் பதினொரு மணிக்கு மேல் தூண் பாறைக்கு எதிரே நின்றால் கம்பி வேலியும் வெள்ளைத் திரையும்தான் தெரியும். 122 மீட்டர் உயரப் பாறை அங்கே இருப்பதற்கான அடையாளமே இருக்காது. ஏரி அப்படியில்லை, மாலை வரை காத்திருக்கும். ஆகவே காலையில் விளிம்பு, பிற்பகலில் ஏரி. இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

சுற்றுலா வேன்களின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. நாலைந்து விடுதிகளில் ஆள் ஏற்றிப் புறப்படுவதற்குள் ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ‘பன்னிரண்டு இடம்’ என்று தரும் பட்டியலில், வண்டியைச் சாலையோரம் ஐந்து நிமிடம் நிறுத்திக் காட்டும் அப்பர் லேக் வியூவும் ஓர் இடமாக எண்ணப்பட்டிருக்கும். தனியாக வந்தவர்களுக்கு வேன் மலிவு, அதில் சந்தேகமில்லை. மூன்று பேருக்கு மேல் இருந்தால் டாக்ஸி பேசுவதே நல்லது. ஏறும் முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தெந்த இடம், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்கும், நுழைவுக் கட்டணமும் பார்க்கிங்கும் யார் கணக்கில். ‘முதலில் தூண் பாறைக்கு விடுங்கண்ணே, மற்றதெல்லாம் வரும்போது பார்த்துக்கலாம்’ என்று சொன்னால் பெரும்பாலான ஓட்டுநர்கள் மறுக்க மாட்டார்கள்.

தூண் பாறை ஊரிலிருந்து சுமார் 8 கி.மீ. வனத்துறை வாயில் திறக்கும் நேரத்துக்கே அங்கே இருப்பது போல் கிளம்புங்கள். குணா குகை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024-ல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்துக்குப் பிறகு அங்கே கூட்டம் பல மடங்காகிவிட்டது. ஆனால் குகைக்குள் இறங்க முடியாது. கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்று பள்ளத்தை எட்டிப் பார்ப்பதோடு சரி. அந்தப் பாதையில் தரைக்கு மேலே பின்னிக் கிடக்கும் சோலைமரங்களின் வேர்கள்தான் நிஜமாகவே பார்க்க வேண்டியவை. பைன் காட்டுக்கு நடுப்பகலிலும் போகலாம். மஞ்சு இறங்கினால் அங்கே அழகு கூடத்தான் செய்யும், அதனால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

கோக்கர்ஸ் வாக் ஒரு கி.மீ. நீளமுள்ள, சரிவை ஒட்டிய நடைபாதை. 1872-ல் போடப்பட்டது. பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். விடிந்தவுடன் போனால் கீழே சமவெளி துலக்கமாகத் தெரியும். பிற்பகலில் வேறொரு வாய்ப்பு உண்டு. முன்னால் பள்ளத்தாக்கில் மஞ்சு நிரம்பி, முதுகுப்பக்கம் சூரியன் இருந்தால், மஞ்சின் மேல் நம் நிழல் பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். இது அரிதாகத்தான் அமையும், ஆனால் அதற்காக அரை மணி நேரம் நிற்பது வீண்போகாது.

இனி ஏரி. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து உருவாக்கியது இது. நட்சத்திர வடிவம் என்று எல்லோரும் சொல்வார்கள். கரையில் நிற்பவருக்கு அது பிடிபடாது. படகில் போய் நட்சத்திரத்தின் ஒவ்வொரு கையும் மரங்களுக்கு நடுவே உள்வாங்கிப் போவதைப் பார்த்தால்தான் புரியும். அதற்குப் பெடல் படகைவிடத் துடுப்புப் படகே சிறந்தது. படகோட்டியோடு எடுங்கள், ‘நடுவில் சுற்ற வேண்டாம், கரையோரமா அந்த மூலை வரைக்கும் போங்க’ என்று சொல்லுங்கள். கைகளுக்குள் காற்று அடங்கியிருக்கும், கூட்டச் சத்தமும் வராது.

பெடல் படகு எடுப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனமானவர்கள் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் படகு சாய்ந்து, திருப்பும் பிடியை எப்படிப் பிடித்தாலும் ஒரு பக்கமாகவே இழுக்கும். கரையோரத்தில் நீர்ச்செடிகள் இருக்கும் இடத்தில் மிதி திடீரென்று கனத்தால் வேகமாக மிதிக்காதீர்கள். நாலைந்து சுற்று பின்னோக்கி மிதித்தால் சிக்கிய செடி கழன்றுவிடும். முன்னோக்கி அழுத்தினால் இன்னும் இறுகும். பிற்பகலில் ஏரியின் நடுவே காற்று எழும். போகும்போது முதுகைத் தள்ளிய காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால் அரை மணி டிக்கெட்டில் பன்னிரண்டாவது நிமிடமே திரும்பிவிடுங்கள்; பதினைந்து வரை போனால் நேரம் தாண்டும், கூடுதல் கட்டணமும் கேட்பார்கள். குழந்தைகளுக்குத் தரும் லைஃப் ஜாக்கெட் அளவு சரியா, வார் எல்லாம் மாட்டுகிறதா என்று படகில் ஏறுவதற்கு முன்பே பாருங்கள். மாட்டிய பிறகு ஜாக்கெட்டைத் தோள்பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் அது காதுவரை ஏறக்கூடாது.

ஏரியைச் சுற்றும் சாலை சுமார் 5 கி.மீ., அதிக ஏற்ற இறக்கம் இல்லை. நடந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வாடகைச் சைக்கிள் எடுத்தால் இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள், சீட்டு உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இருவர் ஓட்டும் சைக்கிள் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும், கூட்ட நேரத்தில் அது வேண்டாம். காலை எட்டு மணிக்குள் சுற்றி முடித்தால் சாலையே உங்களுடையது. பத்துக்கு மேல் கார்களின் ஹாரனுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பொழுது போய்விடும். குதிரைச் சவாரிக்கு நிமிடக் கணக்கில் பேசாதீர்கள். எந்த இடம் வரை போய்த் திரும்புவது என்று காட்டிப் பேசுங்கள். பக்கத்திலேயே இருக்கும் பிரையண்ட் பூங்கா மே மாத மலர்க் கண்காட்சியின்போது பிரமாதம். மற்ற மாதங்களில் ஒரு மணி நேரம் போதும்.

டால்பின் நோஸ் என்ற பாறை முனைக்கு வட்டக்கானல் சிற்றூரிலிருந்து இறங்கு பாதை. வேர்களும் மண்ணும் கலந்தது, ஈரமாக இருந்தால் வழுக்கும். செருப்போடு போகிறவர்கள் அதை வரும்போது கையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இறங்கும்போது எளிதாக இருப்பது ஏறும்போது இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிடலாம், அதில் இழப்பு இல்லை. பாறை விளிம்பில் தடுப்பை நம்ப வேண்டாம். படத்துக்காக முனைக்குப் போகிறவர்களை அழைத்துவந்தவர்களே தடுத்து நிறுத்த வேண்டும்.

ஊருக்கு வெளியே ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் பேரிஜம், மன்னவனூர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்குத்தான் கொடுப்பார்கள். யானை நடமாட்டம் இருந்தால் பாதையை மூடிவிடுவார்கள், அதனால் மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். அது பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. படகு இல்லை, குளியல் இல்லை, அமைதி மட்டுமே உண்டு. அதற்காகவே நாங்கள் அதை முதலிடத்தில் வைப்போம். மன்னவனூர் சுமார் 35 கி.மீ.; பூம்பாறை வழியாகப் போக வேண்டும். புல்வெளி, சிறு ஏரி, பரிசல், ஆட்டு ஆராய்ச்சி நிலையம் எல்லாம் சேர்ந்து குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். சாலை குறுகலானது, போக மட்டும் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அரசுப் பேருந்தும் உண்டு. வழியில் பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைச் சாலை மேலிருந்து பார்த்துவிட்டு, குழந்தை வேலப்பர் கோயிலுக்கும் போய் வரலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை வாங்குவதானால் அங்கேயே வாங்குங்கள். பல் இறுகி, காம்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாக இருப்பதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஊர் போய்ச் சேர்வதற்குள் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு எடுக்காமல் மலையேறாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது; அரசுப் பேருந்துப் பயணிகளுக்குத் தேவையில்லை. 2025 கோடையில் வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் போட்டார்கள், ஆகவே விடுமுறை நாட்களுக்கு முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைத் தவிர்த்து ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள். இங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை விளிம்புக் காட்சிகள் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் ஜனவரி விடியலில் உறைபனிக்குத் தயாராக வர வேண்டும். இருட்டிய பிறகு ஏரிச்சாலையில் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, அது கடந்து போகும் வரை வண்டியை அப்படியே நிறுத்துங்கள். நடந்து போகிறவர்கள் வந்த வழியே பின்வாங்கிவிடுங்கள்.