பளபள டைல்ஸும் காலடித் தடமும்: ஏழு வருஷம் துடைத்தவனின் அனுபவம்

குடியாத்தத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் மச்சினன் போன வாரம் ஃபோன் செய்தான். "மாமா, உங்க வீட்ல போட்டிருக்கிற அதே டைல்ஸ் இன்னும் கிடைக்குமா? நம்ம ஹாலுக்கும் அதையே போட்டுடலாம்னு பாக்கறேன்." அந்த நேரத்தில் நான் ஹாலில் மண்டி போட்டு, பழைய வேட்டித் துணியால் என் காலடித் தடத்தை நானே துடைத்துக்கொண்டிருந்தேன். வாயில் வந்ததை அவனிடம் சொல்ல முடியவில்லை. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். 2018இல் தரை போட்டோம். குஜராத் மோர்பி சரக்கு, இரண்டடிக்கு நாலடி, 'கிளாஸி' என்கிற பளபளப்பு ரகம், வெள்ளையில் மெல்லிய சாம்பல் ரேகை. சதுர அடி 75 ரூபாய். கடையில் நாலு பேரும் அரை மணி நேரம் நின்று பார்த்தோம். எல்லோருமே செருப்போடு நின்று பார்த்தோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. வெறுங்காலோடு ஒரு பத்தடி நடந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் பிறந்தால் உள்ளங்காலும் வியர்க்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும்போது, அன்று காலையிலிருந்து யார் யார் எங்கே போனார்கள் என்று தரையே சொல்லிவிடும். பையனின் ஐந்து விரலையும் எண்ணலாம். அம்மாவுக்கு வலது முட்டி வலி, அதனால் வலது குதிகால் தடம் பாதிதான் விழும். ராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்து மிச்சமிருந்த ஆற்காடு மக்கன் பேடாவைத் தின்றது யார் என்ற கேள்விக்கு, காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து என் கட்டில் வரைக்கும் பதில் இருந்தது.

இதை மறைக்கத்தான் முதலில் கார்பெட் வாங்கினோம். சந்தன நிறம், புசுபுசுவென்று நீள முடி. படத்தில் பார்த்தால் அழகுதான். பளபளப்புத் தரையில் அது நிற்கவே இல்லை. ஒரு தடவை அம்மா அதன் மேல் கால் வைத்ததும் கார்பெட் ஒரு முழம் முன்னால் போய்விட்டது. நல்ல வேளையாக சோபா கைக்கு எட்டியது. அடியில் ரப்பர் வலை வாங்கிப் போட்டதும் நகருவது நின்றது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் அந்த முடிக்கார்பெட் மேல் எவன் உட்காருவான்? சர்வீஸ் ரோட்டுப் புழுதி வேறு அதில் போய்க் குடியேறிவிட்டது. எத்தனை உதறினாலும் வரும். இப்போது அது பரண் மேல் இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

தடத்தை விடப் பெரிய எரிச்சல் ஒரு வெள்ளைப் படலம். மாப் போட்டுக் காய்ந்ததும் தரை முழுக்கப் பனி பெய்த மாதிரி மங்கிவிடும். அந்த மங்கலில்தான் தடம் இன்னும் பளிச்சென்று தெரியும். பினாயிலை இரட்டிப்பாக ஊற்றினேன், மோசமானது. தலைக்குப் போடும் ஷாம்பூவை இரண்டு சொட்டு விட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். தரை ஷாம்பூ வாசனையோடு மங்கியது. பாத்ரூம் கழுவும் ஆசிட் வாங்கப் போனவனை வீட்டுக்காரி தடுத்துவிட்டாள். இந்த ஏழு வருஷமும் டைல்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன ஏப்ரலில் ஒரு மத்தியானம், ஃபேனுக்கு நேர் கீழே 'டமார்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டில் சிலிண்டர்தான் என்று நினைத்து வெளியே ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு டைல்ஸ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூடாரம் மாதிரி எழும்பி நின்றன. தெரிந்தவர் மூலமாக ஒரு டைல்ஸ் மேஸ்திரி வந்தார். கரணையின் காம்பால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே போனார். சுற்றி இன்னும் மூன்றில் வெற்றுச் சத்தம். எங்களுடையது மாதிரி விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரே குடிக்காது, அரை சதவீதத்துக்கும் கீழேதான். அதனால் வெறும் சிமெண்ட் பால் அதை இறுகப் பிடிக்காது, தனியாகப் பசை போட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்றார். அதோடு நடுவில் துளி இடைவெளி இல்லை, சுவர் ஓரத்திலும் இல்லை. வெயிலில் விரியும்போது எங்கே போகும்? மேலேதான் வரும். இடைவெளிக்காக நடுவில் செருகும் இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்திருந்தால் இது நடந்திருக்காதாம். அன்றைக்கு, "கோடே தெரியக் கூடாது, ஒட்ட ஒட்டப் போடுங்க" என்று தலைமேல் நின்று சொன்னது நான்தான். இதை அவரிடம் சொல்லவில்லை.

வேலை முடிந்து தரையைக் கழுவும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மாப் போடறது இன்னா தண்ணி சார்?"

பெருமையாகத்தான் சொன்னேன். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரை வீணாக்காமல் வாளியில் பிடித்து, அதில்தான் தினமும் மாப் போடுகிறோம் என்று. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் இப்படிப் போகிறதே, தண்ணீர் கஷ்டப்படும் ஊரில் அதை வீசலாமா?

அவர் சிரித்தார். "போர் தண்ணியில இருக்கிற உப்பையெல்லாம் ஒண்ணா சேர்த்துத்தான் சார் அதுல வெளியே தள்றான். அதைக் கொண்டாந்து கண்ணாடி மாதிரி தரையில பூசினா?"

எங்கள் போர் தண்ணீரே கடினத் தண்ணீர். சுடவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகத் திட்டுக் கட்டும். அதன் உப்பைக் காய்ச்சி இறக்கிய மாதிரியான தண்ணீரில் ஏழு வருஷம் தரையைத் துடைத்திருக்கிறேன். பினாயிலும் அந்த உப்பும் சேர்ந்தால் பிசுக்காகத் திரிந்து ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இரட்டிப்பாக ஊற்றியபோது இரட்டிப்பாக மங்கியது. அரை வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் விட்டு இரண்டு நாள் துடைத்தோம், படலம் போய்விட்டது. (கடப்பா கல், மார்பிள் போட்டவர்கள் இதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்புக் கல்லைப் புளிப்பு அரித்துவிடும்.) இப்போது முதல் சுற்று போர் தண்ணீர், கடைசிச் சுற்றுக்கு அரை வாளி காவிரித் தண்ணீர். முனிசிபல் குழாயில் அது வருவதே எப்போதாவது ஒரு நாள். "குடிக்கிற தண்ணியில தரையா துடைக்கிற?" என்று அம்மா இன்னும் விடவில்லை. நியாயம்தான்.

ஆக, நேர்மையாகக் கணக்குப் பார்த்தால் டைல்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை. தண்ணீர் என் தப்பு, இடைவெளி விடாதது என் தப்பு. கறை விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிரியாணிக்கு வைத்த எண்ணெய்க் கத்தரிக்காய் ஒரு கிண்ணம் முழுக்கக் கவிழ்ந்து, ராத்திரி முழுக்கக் கிடந்து, காலையில் ஒரே துடைப்பில் போனது. மஞ்சள், பையனின் கிரேயான், முடிச்சாயம் எதுவும் நிற்காது. இத்தனை இருந்தும் எனக்கு அதைப் பிடிக்கவில்லை. உப்புப் படலம் போன பிறகும் தடம் விழத்தான் செய்கிறது. கொஞ்சம் மெல்லிசாக, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு கூத்து. எழும்பியதும் வெற்றுச் சத்தம் வந்ததுமாகப் பெயர்த்த ஐந்துக்கும் மாற்று வேண்டுமே. நாங்கள் மிச்சம் வைத்திருந்தது அரை டைல்ஸ் ஒன்று. கடையில் அந்த டிசைனே நின்றுவிட்டது என்றார்கள். கடைசியில் அதே அளவில் பளபளப்பில்லாத சாம்பல் நிற மேட் டைல்ஸ் ஐந்து வாங்கிப் போட்டோம். பளபளக்கும் வெள்ளை ஹாலின் நடுவே, தமிழ் எழுத்து 'ட' மாதிரி சொரசொரப்பாக ஒரு சாம்பல் திட்டு. பார்த்ததும் அழுகையே வந்தது. அதை மூடுவதற்காகவே பவானி ஜமுக்காளம் ஒன்று வாங்கினேன். சிவப்பும் பச்சையும் கோடு போட்டது. முதல் தடவை நனைத்தபோது கொஞ்சம் சாயம் விட்டது, டைல்ஸில் ஒட்டவில்லை. பருத்தி, அதனால் வெயிலிலும் உட்கார முடிகிறது. கல்லில் அடித்துத் துவைத்து மொட்டை மாடியில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் விறைத்துக் காய்ந்துவிடும்.

ஆனால் நான் விரித்துவிட்டு ஆபீஸ் போனால், அம்மா அதைச் சுருட்டி ஓரம் வைத்துவிடுகிறார். காய் நறுக்குவது, பேப்பர் படிப்பது, மத்தியானம் படுப்பது எல்லாம் இப்போது அந்த 'ட' மேல்தான். வழுக்கவில்லை, தடம் விழவில்லை, ஃபேன் காற்று நேராக வருகிறது. எங்கள் பழைய கொசப்பேட்டை வீட்டு ரெட் ஆக்ஸைடு தரை மாதிரி இருக்கிறதாம். அந்தத் தரையை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. காவியும் சிமெண்டும் கலந்து தேய்த்துத் தேய்த்து இழைத்தது. நாற்பது வருஷம் ஆட்கள் நடந்து நடந்தே மினுமினுப்பு ஏறியது. ஒரு விரிசல் விட்டால் ஒட்டுப் போட முடியாது, போட்டால் நிறம் சேராது. நாங்களும் அதை இடித்துவிட்டுத்தான் வந்தோம்.

மச்சினனுக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் சொன்னேன். கிளாஸி வேண்டவே வேண்டாம், மேட் போடு, வயசானவங்க இருக்கிற வீடு என்று கறாராகச் சொன்னேன். சரி மாமா என்றான். அன்றைக்குச் சாயங்காலமே மனைவியையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டான். அவர்கள் வருகிறார்களே என்று காவிரித் தண்ணீரில் இரண்டு சுற்று மாப் போட்டு, ஜமுக்காளத்தையும் விரித்து வைத்திருந்தேன். லைட் போட்டதும் தரையில் ஃபேன் சுற்றுவது தெரிந்தது. அந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணா, ஏழு வருஷம் ஆன தரையா இது?"

என்ன செய்வது, எனக்குப் பெருமை வந்துவிட்டது. "கிளாஸின்னா இதே ஜாடையில நல்ல கடையா நானே காட்டறேன்மா. ஸ்பேசர் வெச்சு, பசையில ஒட்டச் சொல்லுங்க. ரெண்டு பெட்டி கூடுதலா வாங்கிக் கட்டிலுக்கு அடியில போட்டு வையுங்க" என்றேன். அம்மா ஜமுக்காளத்தின் ஒரு முனையைக் காலால் மெல்ல விலக்கி, 'ட'வின் மேல் உட்கார்ந்துகொண்டார்.