'சொல்லியிருக்க வேண்டும்': ஆங்கிலத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலையின்போது இயந்திரம் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மேற்பார்வையாளரின் கைக்கு, விளக்கம் கேட்கும் 'ஷோ காஸ்' கடிதம் வருகிறது. பதிலில் அவர் எழுத நினைப்பது ஒரே வரி: "டெக்னீஷியன் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்."

தமிழில் இந்த வரிக்கு இரண்டு பொருள் உண்டு. 'சொல்வது அவர் கடமை, சொல்லவில்லை' என்பது ஒன்று. 'அநேகமாகச் சொல்லியிருப்பார்' என்பது இன்னொன்று. பேசும்போது குரலே பொருளைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'ஷுட் ஹேவ் டோல்ட் மீ' என்றால் அவர் சொல்லவில்லை, தவறு அவருடையது. 'மஸ்ட் ஹேவ் டோல்ட் மீ' என்றால் அவர் சொன்னார் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஒரு சொல் மாறினால் பழி ஆள் மாறிவிடும். 'வேண்டும்' என்றாலே 'மஸ்ட்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல உரைகல் இருக்கிறது, மலாய். அதே வரியை மலாயில் சொல்லிப் பாருங்கள். வாயில் 'மெஸ்தி' வந்தால் ஆங்கிலத்தில் 'மஸ்ட் ஹேவ்'. 'செபாத்துட்ஞா' வந்தால் 'ஷுட் ஹேவ்'. வரி 'சொல்ல வேண்டியிருந்தது' என்று இருந்து 'தெர்பக்சா' வந்தால் 'ஹேட் டு'. தமிழ் சேர்த்து வைத்திருப்பதை மலாய் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆனால் இந்த உரைகல்லுக்கும் எல்லை உண்டு, 'செபாத்துட்ஞா' இரண்டு ஆங்கிலத் தொடர்களுக்குப் பொதுவானது.

'ஷுட் ஹேவ்', 'வாஸ் சப்போஸ்ட் டு'

இரண்டுமே நடக்காமல் போன கடமையைப் பற்றியவை. 'ஷுட் ஹேவ்' பேசுபவரின் தீர்ப்பு, அதில் கண்டனம் இருக்கிறது. 'வாஸ் சப்போஸ்ட் டு' ஏற்பாட்டையோ விதியையோ சுட்டுகிறது, தீர்ப்பைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது. 'ஹீ வாஸ் சப்போஸ்ட் டு டெல் மீ' என்றால் சொல்வதாக ஏற்பாடு. அது நடக்கவில்லை என்ற வாடை அடித்தாலும் வெளிப்படையாக இல்லை. உடன் வேலை செய்பவரைக் குற்றஞ்சாட்டாமல் நடந்ததை மட்டும் எழுத விரும்பினால் இதுவே மேல். விதி எழுத்தில் இருந்தால் அதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள், வரி இன்னும் வலுவாகும்.

இதில் ஒரு பொறி உண்டு. 'ஈஸ் சப்போஸ்ட் டு ஹேவ் டோல்ட் மீ' என்று எழுதினால் பொருள் அப்படியே திரும்பி, 'அவர் என்னிடம் சொன்னதாகச் சொல்கிறார்கள்' என்றாகிவிடும். 'வாஸ்' வேண்டிய இடத்தில் 'ஈஸ்' போட்டு, இறந்தகாலத்தைக் காட்ட 'ஹேவ்' சேர்ப்பவர்கள் தங்களுக்கு எதிராகவே எழுதிவிடுகிறார்கள்.

'ஷுட் ஹேவ்' எப்போதும் பழி சுமத்தும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 'த பார்சல் ஷுட் ஹேவ் அரைவ்ட் பை நவ்' என்பது வெறும் எதிர்பார்ப்பு. பார்சல் வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம். 'பை நவ்' போன்ற காலச்சொல்தான் இந்தப் பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. 'ஆட் டு ஹேவ்' பொருளில் 'ஷுட் ஹேவ்' மாதிரிதான், கொஞ்சம் கனமான நடை. நடுவில் வரும் 'டு' விடுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொருவர் சொன்னதாக எழுதும்போது

தமிழில் 'என்று' போட்டால் வேலை முடிந்தது. சொன்னவரின் வினைச்சொல் அப்படியே நிற்கும். மலாயிலும் காலத்துக்காக வினை உருமாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'செட்' வந்ததும் உள்ளே இருக்கும் வினை பெரும்பாலும் ஒரு படி பின்னே போகும். 'வில்' 'வுட்' ஆகும், 'கேன்' 'குட்' ஆகும்.

ஆனால் 'ஷுட் ஹேவ்', 'வுட் ஹேவ்', 'மஸ்ட் ஹேவ்' மூன்றும் நகர்வதில்லை. 'ஹேவ்' ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்து நிற்பதால் பின்னே போக அவற்றுக்குப் படி இல்லை. 'யூ ஷுட் ஹேவ் செக்ட்' என்று மேலாளர் சொன்னால், அறிக்கையில் 'ஹீ செட் ஐ ஷுட் ஹேவ் செக்ட்' என்பதே சரி. 'ஷுட் ஹேட் செக்ட்' என்று எழுதுவது காலத்தை இன்னும் ஒருமுறை தள்ளிப்பார்க்கும் வீண் முயற்சி.

சிக்கல் 'ஹேட் டு'வில்தான். 'ஹீ செட் ஹீ ஹேட் டு ஸ்டாப் த மெஷின்' என்ற வரிக்குப் பின்னால் இரண்டு மூலங்கள் இருக்கலாம். 'இயந்திரத்தை நிறுத்த வேண்டும்' என்று அவர் அப்போது சொன்னாரா? 'நிறுத்த வேண்டியிருந்தது' என்று பிறகு சொன்னாரா? முதலாவதில் இயந்திரம் நின்றதா என்பதே தெரியாது. இரண்டாவதில் நிறுத்தியாகிவிட்டது. விசாரணையில் இந்த வேறுபாடு முழு வழக்கையும் மாற்றும். தீர்வு இரண்டு: முந்தைய நிகழ்ச்சி என்றால் 'ஹேட் ஹேட் டு ஸ்டாப்' என்று எழுதலாம், அல்லது 'அட் டூ எ.எம்.' என்று நேரத்தைச் சேர்த்து 'ஸ்டாப்ட்' என்று நேரடியாகவே எழுதிவிடலாம். இரண்டாவதையே பரிந்துரைப்போம். இரட்டை 'ஹேட்' சரியான இலக்கணம்தான், ஆனால் படிப்பவர் தட்டச்சுப் பிழை என்று நினைத்துவிடுவார்.

ஊகத்தைக் குறிக்கும் 'மஸ்ட்' 'ஹேட் டு'வாக மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள். 'ஹீ மஸ்ட் பீ டயர்ட்' என்பதை வேறொருவர் சொன்னதாக எழுதும்போதும் 'மஸ்ட் பீ' என்றே இருக்கட்டும். 'ஹேட் டு பீ டயர்ட்' என்று மாற்றினால், களைத்திருப்பது அவருடைய கடமை என்பது போலப் படிக்க இடமுண்டு.

'வுட்', 'வுட் ஹேவ்'

'வருவதாகச் சொன்னார்', 'வந்திருப்பேன் என்றார்'. தமிழில் இவை இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் குழம்புகிறோம். 'நேற்று' என்ற சொல் மனத்தில் இருப்பதால் 'ஹேவ்' தானாக ஒட்டிக்கொள்கிறது. 'ஹீ செட் ஹீ வுட் கம்' என்றால் வாக்குக் கொடுத்தார், வந்தாரா இல்லையா என்பது அந்த வரியில் இல்லை. 'ஹீ செட் ஹீ வுட் ஹேவ் கம்' என்றால் வரவில்லை, ஏதோ தடுத்தது. 'இஃப்' என்று தொடங்கும் ஒரு காரணம் சொல்லாமல் தொக்கி நிற்கிறது. வாக்குறுதியைப் பதிவு செய்ய நினைத்து 'ஹேவ்' சேர்த்தால், அவர் சார்பில் ஒரு சாக்கையும் சேர்த்து எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

'இஃப்' வரும் பக்கத்தில் 'வுட் ஹேவ்' போடுவதும் இங்கே அடிக்கடி காதில் விழுகிறது. 'இஃப் ஹீ வுட் ஹேவ் கால்ட்' என்பது பேச்சில் தப்பிவிடலாம். அலுவலகக் கடிதத்திலும், பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். தாளிலும் 'இஃப் ஹீ ஹேட் கால்ட்' என்றே எழுத வேண்டும்.

எதிர்மறையில் தமிழ் முந்தியிருக்கிறது

'சொல்லியிருக்கக் கூடாது' என்றால் 'ஷுடன்ட் ஹேவ்'. சொன்னார், அது தவறு. 'சொல்லியிருக்கவே தேவையில்லை' என்றால் 'நீடன்ட் ஹேவ்'. சொன்னார், அது வீண். 'சொல்ல வேண்டியிருக்கவில்லை' என்றால் 'டிடின்ட் ஹேவ் டு'. அவசியம் இல்லாமல் போயிற்று, சொன்னாரா என்பது தெரியாது. 'சொல்லியிருக்க முடியாது' என்ற ஊகத்துக்கு 'கான்ட் ஹேவ்'. இந்த நான்கையும் தமிழ் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும்போது ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'நோ நீட்' என்று எழுதுவது நம் மொழியறிவுக்கே இழப்பு. 'கட்ட வேண்டியிருந்திருக்கும்' என்ற நம் தொடருக்கும் 'மஸ்ட் ஹேவ் ஹேட் டு பே' என்று பொருத்தமான இணை உண்டு. ஊகமும் கடமையும் இரண்டிலும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன, வரிசை மட்டும் தலைகீழ்.

'இன்சிஸ்டட் தட்'

கூட்டக் குறிப்பு எழுதுவோர் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். 'த ஆடிட்டர் இன்சிஸ்டட் தட் ஹீ பே' என்றால், அவர் கட்ட வேண்டும் என்று தணிக்கையாளர் வற்புறுத்தினார். 'இன்சிஸ்டட் தட் ஹீ பெய்ட்' என்று எழுதினால், அவர் கட்டியே விட்டார் என்று தணிக்கையாளர் அடித்துச் சொன்னதாகப் படிக்கப்படும். 'பே' என்ற வெறும் வடிவம் பிழை போலத் தெரிந்து கை தானாகத் திருத்தப் போகும். திருத்த வேண்டாம். அந்த வடிவம் உறுத்தினால் 'ஷுட் பே' என்று எழுதுங்கள், பிரிட்டிஷ் வழக்கில் அது இயல்பானதே. அதே குறிப்பில் 'த சேர்மன் இன்ஃபார்ம்ட் தட்' என்று இருந்தால், யாருக்கு அறிவித்தார் என்பதற்கு 'த மீட்டிங்' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

வடிவம் பற்றி மூன்று சரிபார்ப்புகள் மட்டும். 'ஷுட்', 'வுட்', 'மஸ்ட்' ஆகியவற்றுக்குப் பின் எவருக்கும் 'ஹேவ்'தான், 'ஹீ' வந்தாலும் 'ஹேஸ்' ஆகாது. அதற்குப் பின் 'கான்', 'வென்ட்' அல்ல. வேகமாகப் பேசும்போது 'ஷுடவ்' என்று காதில் விழுவதை 'ஷுட் ஆஃப்' என்று எழுதிவிடுவோர் உண்டு. கணினியின் எழுத்துப் பிழைதிருத்தி எல்லா நேரமும் இதைப் பிடிக்காது, ஏனெனில் 'ஆஃப்' தனியாகப் பார்த்தால் சரியான சொல். கடிதத்தை அனுப்புமுன் 'ஆஃப்' என்ற சொல்லை மட்டும் தேடி, அதற்கு முன் நிற்கும் சொல்லைப் பாருங்கள்.