ஆன்-கிரிட், ஆஃப்-கிரிட், ஹைபிரிட்: எந்தச் சூரிய அமைப்பு எந்த வீட்டுக்கு?

மொட்டைமாடியில் சூரிய மின்தகடு பொருத்த நினைப்பவர்கள், எந்த நிறுவனத்தின் தகட்டை வாங்கலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கும் முன்பாகத் தீர்மானிக்க வேண்டியது, ஆன்-கிரிட், ஆஃப்-கிரிட், ஹைபிரிட் என்னும் மூன்று அமைப்புகளுள் எது தம் வீட்டுக்குப் பொருந்தும் என்பதாகும். ஒன்றின் இயல்பை மற்றொன்றின் மேல் ஏற்றிப் புரிந்துகொள்வதால்தான் சூரிய மின்சாரத்தைப் பற்றிய தவறான எண்ணங்களுள் பல பிறக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, மாடியில் தகடு இருந்தால் வீட்டில் கரண்ட் போகாது என்பது. ஆன்-கிரிட் அமைப்பில் பேட்டரி கிடையாது. பகலில் உற்பத்தியாகும் மின்சாரம் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சினால் மின்வாரியத்தின் கம்பிக்குச் செல்கிறது; இரவில் அதே கம்பியிலிருந்து வீடு எடுத்துக்கொள்கிறது; கொடுத்ததையும் எடுத்ததையும் நெட் மீட்டர் கணக்கிடுகிறது. தெருவில் மின்சாரம் நின்றால், தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் சூரிய இன்வெர்ட்டரும் உடனே தானாக நின்றுவிடும். இது கருவியின் கோளாறன்று. பழுது பார்ப்பதற்காகக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்கு, நம் மாடியிலிருந்து கம்பிக்குள் பாயும் மின்சாரம் ஆபத்தாகிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு வடிவமைத்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களில், வெயில் எவ்வளவு அடித்தாலும் ஆன்-கிரிட் வீட்டுக்கு ஒரு யூனிட்கூடக் கிடைக்காது. விற்பவர்கள் இதை வாங்குபவரிடம் முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் மின்வாரிய இணைப்பே வேண்டாம், பேட்டரியை மட்டுமே நம்பும் ஆஃப்-கிரிட் போதும் என்று சிலர் எதிர்முனைக்குச் சென்றுவிடுகிறார்கள். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரவில் ஆறு மணி நேரம் ஒரு ஏசி ஓடினால் ஏறக்குறைய 6 யூனிட் செலவாகிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் அடங்குவது 1.8 யூனிட், ஈய-அமில பேட்டரியின் ஆயுளைக் காக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று கொண்டால் 0.9 யூனிட். ஆகவே அந்த ஓர் ஏசிக்கு மட்டுமே ஏழு பேட்டரிகள் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றவும் வேண்டும். பேட்டரி நிரம்பியபின் நண்பகல் வெயிலில் கிடைக்கக்கூடிய மின்சாரம் போக வழியின்றி வீணாகிறது என்பதும் இங்கே சேர்கிறது. மின்கம்பி எட்டாத மலைக்கிராமத்துக்கும் தோட்டத்து வீட்டுக்கும் ஆஃப்-கிரிட் ஒரு வரம். வாசலில் மின்கம்பம் நிற்கும் நகர வீட்டுக்கு அது பெரும் செலவு.

ஹைபிரிட் இவ்விரண்டையும் இணைக்கிறது: மின்வாரியக் கம்பியும் உண்டு, பேட்டரியும் உண்டு, மின்தடையின்போது கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த சில இணைப்புகளுக்கு மட்டும் மின்சாரம் தருகிறது. மூன்றிலும் சிறந்தது இதுவே என்று தோன்றலாம். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் மின்வெட்டுக்கென்றே இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஏற்கெனவே இருக்கின்றன. நான்கு விளக்குக்கும் மூன்று மின்விசிறிக்கும் அது போதுமென்றால், அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆன்-கிரிட் அமைப்பைத் தனியாகப் பொருத்துவதே சிக்கனமானது. அந்தப் பழைய இன்வெர்ட்டரின் வெளியீட்டைச் சூரிய இன்வெர்ட்டரோடு எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. உயிர்காக்கும் மருத்துவக் கருவி இயங்கும் வீடு, நீண்ட மின்தடை வழக்கமாக உள்ள ஊர் ஆகியவற்றுக்கு ஹைபிரிட்டின் கூடுதல் விலை நியாயமானதே.

செலவைப் பொறுத்தவரை, 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியத்தை அறிவித்தது. இது மின்கட்டமைப்போடு இணைந்த அமைப்புக்கு உரியது. முழுமையான ஆஃப்-கிரிட்டுக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் 1 கிலோவாட் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்று கொண்டால், 3 கிலோவாட் இரண்டு மாதங்களில் 720 யூனிட் அளவுக்குத் தரும். இருமாதத்துக்கு 600, 700 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இது பெரிய விடுதலை. 200 யூனிட்டுக்குள் முடிக்கும் வீட்டுக்கு ஒரு பகுதி மின்சாரம் எப்படியும் இலவசமாகவே கிடைப்பதால், போட்ட பணம் திரும்ப நெடுங்காலம் ஆகும். சூரிய மின்சாரம் எல்லா வீட்டுக்கும் இலாபம் என்பதும் தவறான எண்ணந்தான்.

மூன்று அமைப்புகளுக்கும் பொதுவான தவறு ஒன்று உண்டு: வெயிலின் சூடு கூடக் கூட உற்பத்தியும் கூடும் என்பது. தகட்டுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. தகட்டின் மீது எழுதியிருக்கும் வாட் அளவு 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் சோதித்துக் கண்டது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. சித்திரை வெயிலில் தகடு 60 பாகையைத் தொட்டால், பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழப்பு. தளத்துக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட்டம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இதைவிடப் பெரிய இழப்பை நிழல் உண்டாக்கும். தகடுகள் தொடராக இணைந்திருப்பதால், தண்ணீர்த் தொட்டியின் நிழலோ ஒரு தென்னை மட்டையின் நிழலோ ஒரு மூலையில் விழுந்தாலும், இழப்பு அந்த மூலையின் பரப்பைவிடப் பல மடங்கு ஆகலாம். சூரியன் தெற்கே சாய்ந்து நிழல்கள் மிக நீளும் டிசம்பர் பிற்பகுதியில், காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை மாடியில் நிழல் எங்கெங்கே நகர்கிறது என்று சாக்பீஸால் குறித்துவைத்து, அந்தக் கோடுகளுக்கு வெளியே மிஞ்சும் இடத்தைக் கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வகுத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் விலைப்பட்டியலைக் கேளுங்கள்.