பழைய தொழில் பெயர்களைத் தேட இதைவிட நல்ல இடம் இல்லை: தமிழ் லெக்சிகன் இணையப் பதிப்பு

பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய தொழில் சொற்களுக்கு மூலம் தேடுகிறவர்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கங்களை நம்புவதற்கு முன்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பெரிய அகராதியை ஒருமுறை திறந்து பாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அச்சில் வந்தது, அப்புறம் ஓர் அனுபந்தமும் சேர்ந்தது, மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகம் அதை அப்படியே இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. காசு கிடையாது, தமிழிலேயே தட்டித் தேடலாம்.

சங்கப் புலவர் பெயர்களிலிருந்தே ஆரம்பியுங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர். இன்றைக்கு அறுவை என்றால் ஆபரேஷன், இல்லையென்றால் கழுத்தை அறுக்கிற பேச்சு. அகராதியில் போட்டால் சீலை என்று வருகிறது. அறுத்து எடுப்பதால் அறுவை, துணித்து எடுப்பதால் துணி, ஆக மனிதர் ஜவுளி வியாபாரி! கூலவாணிகன் சாத்தனார் பெயரில் இருப்பது கூலி இல்லை, கூலம், அதாவது தானியம். நக்கீரரின் தந்தை மதுரைக் கணக்காயனாரைக் கணக்குப்பிள்ளை என்று நினைக்கத் தோன்றும், ஆனால் கணக்காயர் என்றால் ஆசிரியர்.

எனக்கு மிகவும் பிடித்தது, பொருளோடு நின்றுவிடாமல் அந்தச் சொல் எந்த நூலில் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் காட்டுவதுதான். சிலப்பதிகாரத்தின் புகார்க் கடைத்தெருவில் வரும் காருகர் (நெசவாளர்), துன்னகாரர் (தையற்காரர்) எல்லோரையும் அப்படியே பிடித்துக்கொண்டு மூல வரிக்குப் போய்விடலாம். பாசவர் மாதிரிச் சொல்லுக்குக் கயிறு விற்பவர், வெற்றிலை விற்பவர் என்று ஒன்றுக்கு மேல் பொருள் தருகிறார்கள், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அடித்துச் சொல்வதில்லை. அந்த நேர்மைக்காகவே இதை நம்புகிறேன்.

இன்னொரு சுவையான விஷயம்: 1913இல் இந்த வேலையைத் தொடங்கிய ஆசிரியர், மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரி சாண்ட்லர். அந்தக் குடும்பப் பெயரே ஆங்கிலத்தில் மெழுகுவர்த்தி செய்து விற்பவரைக் குறித்த பழைய தொழில் பெயர்தான். 1926க்குப் பிறகு பொறுப்பேற்று முடித்துக் கொடுத்தவர் வையாபுரிப்பிள்ளை.

குறை இல்லாமல் இல்லை. விளக்கம் முதலில் ஆங்கிலத்தில்தான் வரும், தமிழ்ப் பொருள் அதற்குப் பின்னால். நூல் பெயர்களின் சுருக்கக் குறிகள் புதிதாக வருகிறவர்களைப் படுத்தும். புலவர் பெயரை முழுதாகப் போட்டால் தேறாது, அறுவை தனியாக, வாணிகன் தனியாக என்று பிரித்துத் தேட வேண்டும். முப்பதுகளுக்குப் பிறகு வந்த சொற்களுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.