பொம்மையின் குரல்: ஒரே டேக்கா, தனி டிராக்கா?

உதடு அசையாமல் பொம்மைக்குக் குரல் கொடுக்கும் கலைஞரான அமெரிக்கர் எட்கர் பெர்கன் 1937-இல் சார்லி மெக்கார்த்தி பொம்மையோடு என்பிசி வானொலியில் சொந்த நிகழ்ச்சியைத் தொடங்கியபோது எல்லாமே நேரலை: ஒரே தொண்டை, இரண்டு குரல், எதிரே பார்வையாளர்கள். அந்தப் பாணியில் இன்று ஆடியோ நிகழ்ச்சி செய்தாலும் ஒரே டேக்தான், அதாவது இரண்டு குரலையும் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் பதிவதுதான் நல்லது. பொம்மை மடக்கியதும் ஆள் திணறும் அந்த அரை நொடியை எடிட்டிங்கில் உண்டாக்குவது கடினம்.

இதில் கெடுவது குரல் வேறுபாடு. தொண்டை களைத்தால் பொம்மையின் சுருதி இறங்கி, இரண்டும் ஒரே ஆளாகக் கேட்கும். அதனால் சுருதியை மட்டும் நம்பாதீர்கள். ஆள் நிதானமாக நீட்டிப் பேசட்டும், பொம்மை வெடுக்கென்று இரண்டு மூன்று சொல்லில் முடிக்கட்டும். உதடு ஒட்டாமல் ‘ப’, ‘ம’ சொல்லும் வித்தை இங்கே தேவையே இல்லை. பெர்கனின் உதடும் அசையும். வானொலியில் அது குறையாகவில்லை.

இரண்டு குரலையும் தனித்தனியாகப் பதிந்து சேர்க்கும் தனி டிராக்கின் பெரிய லாபம், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே விழலாம். ஒரு தொண்டையால் அது ஆகாது. அந்த நாலைந்து வரிக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆளின் வசனத்தை முதலில் பதிந்து, ஹெட்போனில் அதைக் கேட்டபடியே பொம்மையைப் பதிய வேண்டும். அறை, கெய்ன் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு), மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் தூரம், மூன்றும் மாறக் கூடாது. மாறினால் இருவரும் வேறு வேறு அறையில் இருப்பது போலக் கேட்கும்.